அலைக்கும் பருவம் உண்டு!

காலை மணி எட்டு. இன்னும் சரியாக விடியவில்லை. மழை கொட்டுகிறது. காற்று ஊளையிடுகிறது.

கடற்கரையில் ஓர் இளம்பெண் நடந்து வருகிறாள். தலை முதல் கால் வரை கறுப்பு ரப்பர் உடை. கைக்கும் உறை. காலுக்கும் உறை. முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. கக்கத்தில் அவளைவிட நீளமான ஒரு பலகை.

அவள் கடலில் இறங்க வந்திருக்கிறாள். குளிப்பதற்கு அல்ல. அலையின் மேல் ஏறி நின்று சவாரி செய்வதற்கு!

ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறாள். பலகையை மணலில் வைக்கிறாள். கடலையே பார்க்கிறாள். ஐந்து நிமிடம் ஆகிறது. பத்து நிமிடம் ஆகிறது. கால் மணி நேரமும் ஆகிவிடுகிறது. பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகிறாள்.

பயந்துவிட்டாளா? இல்லை. நீந்தத் தெரியாதவளா? அதுவும் இல்லை. கடலைப் பார்த்தாள். இன்று இறங்கக் கூடாது என்று தெரிந்தது. திரும்பிவிட்டாள்.

கனடா நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள டோபினோ என்ற ஊரில், குளிர்காலம் முழுவதும் இப்படிப்பட்ட காட்சியைக் காணலாம். இந்தக் கால் மணி நேரப் பார்வைதான் அங்கே பலருடைய உயிரைக் காப்பாற்றி வருகிறது. அப்படிப் பார்க்காமல் இறங்கியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

இலங்கையில் பாதி

டோபினோ இருப்பது வான்கூவர் தீவில். வான்கூவர் என்று ஒரு பெரிய நகரமும் உண்டு. அந்த நகரம் இந்தத் தீவில் இல்லை! கடலுக்கு எதிர்ப்புறம், கனடாவின் நிலப்பகுதியில் இருக்கிறது. பெயரைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு.

தீவின் நீளம் சுமார் 450 கிலோமீட்டர். பரப்பு, இலங்கையில் ஏறக்குறையப் பாதி. அதன் மேற்குக் கரையில் நின்று பார்த்தால் எதிரே பசிபிக் மகாசமுத்திரம். நேர் மேற்கே போனால் அடுத்து வரும் பெரிய நிலம் ரஷ்யாவின் சகாலின் தீவு. நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்ணீர்!

டோபினோவில் வசிப்பவர்கள் சுமார் 2,500 பேர்தான். மீன் பிடிப்பதும் மரம் வெட்டுவதும் பழைய தொழில்கள். 1959-ம் ஆண்டில்தான் மலையைக் கடந்து ஒரு மண் சாலை வந்தது. அதற்கு முன் படகில்தான் போக வேண்டும். சாலை வந்தவுடன் வெளியூர் இளைஞர்கள் வந்தார்கள். பின்னாலேயே அலைப் பலகைகளும் வந்தன. 1970-ல் அந்தக் கடற்கரைப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இன்று ஊரின் பிழைப்பு, வருகிற விருந்தாளிகளை நம்பித்தான் இருக்கிறது.

ஆண்கள் மட்டும் ஆடும் ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். பெண்களே ஆசிரியர்களாக இருந்து கற்றுக்கொடுக்கும் அலைச்சவாரிப் பள்ளி ஒன்று 1999-ல் அங்கே தொடங்கியது. தாயும் மகளும் சேர்ந்து வந்து கற்கிறார்கள்.

நான்கு பருவம், நான்கு கடல்

நம் ஊர் மீனவர்களிடம் கேட்டால், ஆனி, ஆடியில் கடல் எப்படி இருக்கும், தை, மாசியில் எப்படி இருக்கும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். டோபினோ கடலுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு.

குளிர்காலத்தில் வடக்கே, அலாஸ்காவுக்குத் தெற்கே உள்ள கடலில், ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள் உருவாகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இவை ஓய்வதில்லை. ஒவ்வொரு புயலும் தன் அலைகளைத் தீவின் மேற்குக் கரைக்கு அனுப்புகிறது. கரைக்கு அப்பால் 3 மீட்டர், 4 மீட்டர் உயர அலைகள் அப்போது சாதாரணம். பெரும் புயல் நாட்களில் அதைவிட இரண்டு மடங்கு எழும்.

உயரம் இரண்டு மடங்கானால் பலமும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். அப்படி அல்ல. உயரம் இரண்டு மடங்கானால், அலை சுமந்து வரும் பலம் நான்கு மடங்கு! மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! இடுப்பளவு அலையில் விளையாடிப் பழகியவர், ஆள் உயர அலையைப் பார்த்து, "கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே" என்று இறங்குவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

வசந்த காலத்தில் புயல்கள் குறையும். கோடையில் கதையே மாறிவிடும். புயல்கள் விலகிப் போய்விடும். அலைகள் ஒரு மீட்டர் அளவுக்குச் சிறுத்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடக் காலம். ஆகஸ்டு மாதத்தில் மூடுபனி வந்து கடலையே மறைத்துவிடும். அதற்கு ஊர்க்காரர்கள் வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மூடுபனிக்குப் "பாக்" என்று பெயர். ஆகவே "ஆகஸ்டு" அங்கே "பாகஸ்டு" ஆகிவிட்டது!

தேர்ந்தவர்கள் காத்திருப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்காக. அப்போது அலைகள் வளரத் தொடங்கும். குளிர்காலத்தின் முரட்டுத்தனம் இன்னும் வந்திருக்காது. 2009-ம் ஆண்டில், அக்டோபர் மாதத்தை ஒட்டித்தான், உலக வீரர்கள் கலந்துகொண்ட குளிர்நீர் அலைச்சவாரிப் போட்டி டோபினோவில் நடந்தது. வென்றவர் யார்? வெளிநாட்டு வீரர் யாரும் அல்ல. அந்த ஊரிலேயே வளர்ந்த பீட் டெவ்ரீஸ்! தன் வீட்டுக் கடலின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கோடையிலும் குளிரும் நீர்

எந்தப் பருவத்திலும் மாறாத ஒன்று உண்டு. அது குளிர்.

குளிர்காலத்தில் அங்கே கடல் நீரின் வெப்பம் 7 அல்லது 8 டிகிரி. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த தண்ணீரைப் போல! கோடையில்கூட 14 டிகிரி அளவுதான். நமக்கோ மார்கழி அதிகாலையில் கிணற்று நீராவது வெதுவெதுப்பாக இருக்கும்.

வெயில் அடிக்கும் கோடையிலும் நீர் ஏன் சூடாவதில்லை? அப்போது வடமேற்கிலிருந்து காற்று கரையை ஒட்டி வீசுகிறது. அது மேல்மட்டத்து நீரைக் கரையைவிட்டு அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்தில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மீன்களுக்கு இது விருந்து. மனிதருக்கு வேதனை.

காற்றைவிட நீர், உடம்பின் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். குளிர் நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்தவர் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். பனிக்கட்டி நீரில் பலமுறை தாமே இறங்கிச் சோதித்தவர். அவர் சொல்லும் கணக்கு சுருக்கமானது: ஒன்று, பத்து, ஒன்று.

முதல் ஒரு நிமிடம் மூச்சு வசப்படாது. குளிர் பட்டதும் "ஹா" என்று பெருமூச்சு இழுப்போமே, அது தானாகவே வரும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் போதும். நுரையீரலுக்குள் போவது காற்று அல்ல, தண்ணீர். அதைத் தாண்டினால் அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். பிறகு மரத்துப் போகும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எனவே குளிர் கடலில் மாள்பவர் பலர் உடம்பு குளிர்ந்து மாள்வதில்லை. அதற்கு வெகு முன்பே, மூச்சுத் திணறியோ கை ஓய்ந்தோ மூழ்கிவிடுகிறார்கள்.

அந்தக் கறுப்பு ரப்பர் உடை இல்லையென்றால் டோபினோவில் அலைச்சவாரியே இருந்திருக்காது. 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர் அவர்! உடை நனையாமல் இருக்க வேண்டியது இல்லை, சூடு வெளியே போகாமல் இருந்தால் போதும் என்பது அவர் யோசனை. அந்த ரப்பருக்குள் லட்சக்கணக்கான சிறு காற்றுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. அவைதான் சூட்டைக் காக்கின்றன. அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த ஜாக் ஓநீல் என்பவர், அலைச்சவாரிக்காரர்களுக்கு இந்த உடையைத் தைத்து விற்று உலகெங்கும் பரப்பினார்.

உடை உடம்பைக் காக்கும். அலையிலிருந்து காக்குமா? காக்காது.

அமைதியே ஆபத்து

டோபினோவில் இறங்குகிற புதியவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள்.

அலைகள் வரிசையாக அடிக்கும் கரையில், ஓரிடத்தில் மட்டும் அலை அடிக்காமல் நீர் தட்டையாகக் கிடக்கும். "அங்கே குழந்தைகளை இறக்கலாம், அலை இல்லை" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து! கரைக்கு அலைகள் கொண்டுவந்து கொட்டிய நீர் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போக வேண்டுமே? மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடத்தைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகப் பாய்ந்து போகிறது. அது ஒரு கடலுக்குள் ஓடும் ஆறு. பள்ளமாக இருப்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. இறங்கியவரை அது நேரே உள்ளே இழுத்துப் போகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் களைத்துப் போவார். மிதந்து கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும்.

இன்னொரு ஏமாற்றம், நேரத்தில் இருக்கிறது. தொலைதூரப் புயலின் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டம் அடித்து ஓய்ந்தபின், பல நிமிடம் கடல் சாதுவாக இருக்கும். அந்த நேரத்தில் கரைக்கு வந்தவர், "இன்று கடல் அமைதி" என்று பாறைமேல் ஏறிப் படம் எடுப்பார். அடுத்த கூட்டம் வரும்போது ஓட நேரம் இருக்காது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளை அலை தீக்குச்சியைப் போலத் தூக்கி உருட்டும். ஒரு டன் எடையுள்ள கட்டை காலில் உருண்டால் என்ன ஆகும்?

அந்த இளம்பெண் கால் மணி நேரம் நின்று பார்த்தது இதற்காகத்தான். ஒரு கூட்டமாவது வந்து போவதைப் பார்க்காமல் எந்தக் கடலையும் எடை போட முடியாது.

அந்தக் கடலின் உச்சபட்ச முரட்டுத்தனத்துக்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. 2020 நவம்பரில், டோபினோவுக்குப் பக்கத்து ஊரான யுக்லூலெட்டுக்கு அப்பால் மிதந்து கொண்டிருந்த அளவுமிதவை ஒன்று ஓர் அலையைப் பதிவு செய்தது. அப்போது சுற்றிலும் இருந்த அலைகளின் உயரம் 6 மீட்டர் அளவு. இந்த ஒரே ஒரு அலையின் உயரம் 17.6 மீட்டர்! ஏறக்குறைய ஐந்து மாடி. இதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள அலைகளோடு ஒப்பிடும்போது, அதுவரை பதிவான தறிகெட்ட அலைகளிலேயே இதுதான் மிஞ்சியது என்றார்கள்.

விளக்கு வந்த கதை

இந்தக் கரைக்குப் பழைய கப்பல்காரர்கள் வைத்த பெயர், "பசிபிக்கின் இடுகாடு".

1906 ஜனவரி மாதம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட "வாலென்சியா" என்ற பயணிகள் கப்பல், மோசமான வானிலையில் வழி தவறி, வான்கூவர் தீவின் பாறையில் மோதியது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் அலைகள் யாரையும் நெருங்கவிடவில்லை. இறக்கிய படகுகள் கவிழ்ந்தன. உதவிக்கு வந்த கப்பல்கள் தூரத்திலேயே நின்றன. ஒன்றரை நாள் அப்படியே கிடந்து கப்பல் உடைந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் இருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நாடே அழுதது. அரசு விழித்துக்கொண்டது. 1908-ல் அந்த இடத்துக்கு அருகே கலங்கரை விளக்கு எழுந்தது. கரை ஒதுங்குபவர்களைக் காப்பாற்றக் காட்டு வழியாகப் பாதை போட்டார்கள். யுக்லூலெட்டில் 1906-லேயே ஒரு மர விளக்குக் கோபுரம் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அதை அலையே அடித்துக்கொண்டு போய்விட்டது! 1915-ல் கான்கிரீட்டில் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது.

கப்பல்காரருக்கு விளக்கு கிடைத்தது. கரையில் குளிக்க வருகிறவருக்கு? தேசியப் பூங்காக் கடற்கரையில் கோடைக் காலத்தில் உயிர்க்காவலர்கள் நின்ற காலம் ஒன்று இருந்தது. பிறகு அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. "இங்கே காவலர் இல்லை" என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. துண்டுப் பிரசுரங்கள் இருக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் பலகை கூப்பிட்டுத் தடுக்காது. விடுமுறைக்கு வந்த தகப்பன், குழந்தைகள் இழுக்க இழுக்க நீரை நோக்கி ஓடும்போது பலகையைப் படிப்பதும் இல்லை. லட்சக்கணக்கில் விருந்தாளிகளை வரவேற்கும் கரையில், சம்பளம் கொடுத்து நாலு பேரை நிறுத்துவது அப்படி ஒன்றும் பெரிய செலவல்ல.

இது கனடாக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. ஏன் என்பதை ஒரு பழைய ஆராய்ச்சி சொல்கிறது.

அலையின் நெடும்பயணம்

1963-ம் ஆண்டு. வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானிக்கு ஒரு சந்தேகம். கடற்கரையில் வந்து விழுகிற அலை எங்கே பிறக்கிறது? இரண்டாம் உலகப் போரில், படைகள் கரையிறங்குவதற்கு அலை நிலவரம் கணித்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக்கின் குறுக்கே ஆறு இடங்களில் கருவிகளை வைத்தார். சமோவா தீவில் மனைவி மக்களோடு தாமே போய்த் தங்கினார். தென்துருவத்தை ஒட்டிய கடலில் ஒரு புயல் வீசியதும், அதன் அலைகளை ஒவ்வோர் இடமாகப் பின்தொடர்ந்தார்கள். அந்த அலைகள் பூமத்திய ரேகையைத் தாண்டின. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தன. சுமார் இரண்டு வாரம் கழித்து, அலாஸ்காக் கரையில் வந்து விழுந்தன!

டோபினோவில் கோடைக் காலத்தில், காற்றே இல்லாத நாளில், திடீரென்று தெற்கிலிருந்து அலைகள் வருவது இப்படித்தான். அப்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். அங்கே வீசிய புயலின் அலை இங்கே விருந்தாளியாக வருகிறது.

அதே தென்கடல், இந்து மகாசமுத்திரத்துக்கும் கீழே இருக்கிறது. அங்கே பிறக்கும் அலைகள் வடக்கே வந்தால் எங்கே விழும்? கேரளத்திலும் நம் கன்னியாகுமரியிலும்!

மலையாள மீனவர்கள் இதற்குக் "கள்ளக்கடல்" என்று பெயர் வைத்தார்கள். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். காற்று இருக்காது. மழை இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் எழுந்து வரும். சித்திரையிலும் வைகாசியிலும்தான் அதிகம். அதாவது பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலத்தில்!

2024 ஏப்ரல் மாதக் கடைசியில் தென்கடலில் ஒரு புயல். அதன் அலைகள் மே முதல் வாரத்தில் நம் கரையை எட்டின. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் நிலையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆனாலும் மே 6-ந் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவியர் ஐந்து பேரை அலை இழுத்துப் போயிற்று. ஐந்து வீடுகளில் "எங்கள் பிள்ளை டாக்டர்" என்று சொல்லிக்கொள்ளக் காத்திருந்த பெற்றோர், பிணத்தை வாங்க வந்தார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் அவர்கள் மாளவில்லை. எச்சரிக்கை ஐதராபாத்தில் பிறந்தது. பத்திரிகையிலும் வந்தது. மணலில் கால் வைக்கிற இடத்தில் அது உயிரோடு நிற்க வேண்டும். கள்ளக்கடல் அறிவிப்பு வரும் நாட்களில், லெமூர் கரையிலும் அதைப் போன்ற மற்றக் கரைகளிலும் காலை முதல் மாலை வரை ஆள் நிற்க வேண்டும். சிவப்புக் கொடி பறக்க வேண்டும். ஒலிபெருக்கியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு வெளியூரிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. அந்தந்த ஊர் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும். அலை எங்கே உடையும், நீர் எந்தப் பள்ளத்தின் வழியாகத் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். பங்குனி முடிவதற்குள் அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால், விடுமுறைக் கூட்டம் வருமுன் கரையில் ஆள் இருக்கும்.